காற்றும் புவிச்சுழற்சியும் வான்செலவும்
ஏழு கன்னியர் மலை உணர்த்தும் ஒரு வரலாறு

இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்னும் ஊர்களை அடுத்து, ஏழு கொடுமுடிகள் வரிசையாய் எழுந்து நிற்கின்றன. சிங்கள மக்கள் அவற்றைச் சப்த கன்யா என்பர். தோட்டத் தமிழ் மக்கள் ஏழு கன்னியர் மலை என்பர். தமிழகத்துச் சிற்றூர்களில் ஏழு கன்னிமாரை வழிபட்டு வந்தோரின் வழியினருக்கு இப்பெயர் அயலானதன்று. மலையைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் பசுமை விரித்துக் கிடக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி கொடுமுடிகள் முகிலால் மூடுண்டிருக்கும்.

1974 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4 ஆம் நாள் இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், கிழக்கே யாவாத் தீவிலிருந்து மேற்கு நோக்கி வந்த பெருவிமானம் ஒன்று இம்மலையில் மோதி அழிந்தது. அதிற் சென்ற 191 பேரில் ஒருவரும் பிழைத்திலர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் உயிரிழப்பால் இதுவே இன்றளவும் பெரியது.

மாணாக்கர் பலர் வகுப்பிலே எழுப்பும் வினா ஒன்றுண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. அங்ஙனமாயின், மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை எதிர்கொண்டு அது சேரவேண்டிய ஊர் தானே வந்துவிடாதோ? கிழக்கு நோக்கிப் பறப்பதன் முன்னே ஊர் விலகி ஓடாதோ? இது சிறுபிள்ளை வினாப்போலத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காண மனித குலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. அவ்விடையோடு தொடர்புடைய மற்றொரு வினா, பறப்போன் தான் நிலத்தின் எப்பகுதிக்கு மேல் உள்ளான் என்பது. முதல் வினாவின் வரலாற்றை ஆராய்ந்து சென்றால் இரண்டாம் வினாவின் அருமை விளங்கும். அதற்குத் தவறான விடை கண்டதன் விளைவே ஏழு கன்னியர் மலையில் நேர்ந்தது.

பறவையும் கூடும்

பூமத்திய கோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்திற் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஏழாம் பாகை அகலக்கோட்டை ஒட்டிய நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அவ்வேகம் 1,660 கிலோமீற்றர் அளவாகும். இக்காலப் பயணிகள் விமானத்தின் வேகமோ மணிக்கு 900 கிலோமீற்றர் அளவினதே. நிலம் விமானத்தை விட்டு விலகிச் செல்லுமாயின், கிழக்கு நோக்கிப் புறப்பட்ட விமானம் எந்நாளும் தன் ஊரை அடையாது. அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை யாவரும் அறிவர். காரணம் யாது?

கி.பி. 499 இல் ஆரியபடர் தம் நூலிலே பூமி தன் அச்சிற் சுழல்வதைக் கூறினார். ஓடத்திற் செல்வோனுக்குக் கரைப்பொருள்கள் பின்செல்வனவாய்த் தோன்றுவதை உவமையாகக் காட்டி, அசையா விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனவாகத் தோன்றுவதும் அத்தகையதே என்றார். அவ்விடத்தில் அவர் இலங்கையையும் குறிப்பிடுகின்றார். வானநூலார் கூறும் அவ்விலங்கை பூமத்திய கோட்டின்மேல் உச்சயினியின் நெடுங்கோட்டிற் கணிதத்தின் பொருட்டு வகுத்துக்கொண்ட ஓரிடமாகும். இத்தீவோடு முற்றும் ஒன்றன்று.

ஆரியபடர் கொள்கையைப் பின்வந்த வானநூலார் பலர் ஏற்றிலர். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரும், ஏழாம் நூற்றாண்டினரான பிரமகுப்தரும், எட்டாம் நூற்றாண்டினரான இலல்லரும் அதனை மறுத்தனர். பூமி சுழலுமாயின் வானிற் பறந்த பறவை தன் கூட்டுக்கு மீளுதல் எங்ஙனம் என்பது அம்மறுப்புக்களுள் ஒன்று. மேலெய்த அம்பு மேற்கே சென்று வீழ வேண்டும்; முகிலெல்லாம் மேற்கு நோக்கியே செல்ல வேண்டும் என்றும் இலல்லர் வாதித்தார். இவ்வாதத்தை நகையாடுதல் தகாது. விமானத்தைப் பற்றி இன்று மாணாக்கன் கேட்கும் வினாவும், பறவையைப் பற்றி அன்று அறிஞர் கேட்ட வினாவும் ஒன்றே.

விடைக்குரிய நெறியைத் தெளிவுற விளக்கியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ ஆவர். 1632 இல் வெளிவந்த நூலில், சீராகச் செல்லும் கப்பலொன்றின் மூடிய அறையிலே பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளை அவர் எடுத்துக்காட்டினார். கப்பல் எத்துணை விரைவாகச் செல்லினும் அவை பின்சுவரில் ஒதுங்கிவிடுவதில்லை. கப்பல் நிற்கும்போது பறந்தவாறே பறக்கின்றன. அறையிலுள்ள காற்றும் பூச்சியும் கப்பலின் வேகத்தை முன்னரே பெற்றுள்ளன. பூமியும் அத்தகைய கப்பலே. நிலத்தைச் சூழ்ந்த வளிமண்டலம் நிலத்தோடு சேர்ந்து சுழல்கின்றது. நிலத்தில் நிற்கும் விமானமும் அவ்வேகத்தை உடையது. மேலெழுந்தபின் அதனை இழப்பதில்லை. எனவே காற்று அசையாதிருக்கும் வானத்திற் கிழக்கே பறப்பினும் மேற்கே பறப்பினும் பயண நேரம் ஒன்றே.

சுழற்சியின் நேரான விளைவு திசைக்கேற்ப மாறுவது ஒரு சிறு பொருளில் உண்டு. கிழக்கே செல்லும் பொருள் பூமியின் சுழற்சியோடு தன் வேகத்தையும் கூட்டிக்கொள்வதால், அதன் எடை சிறிது குறையும். மேற்கே செல்வதன் எடை அதனிலும் சற்று மிகும். கப்பல்களில் எடுத்த புவியீர்ப்பு அளவைகளிலே இவ்வேறுபாடு இருத்தல் வேண்டும் என அங்கேரிய அறிஞர் எத்வெஷ் கண்டார். 1908 இல் கருங்கடலில் இரு கப்பல்களை எதிரெதிரே செலுத்தி அது மெய்ப்பிக்கப்பட்டது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பூமத்திய கோட்டருகே மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பாராயின், இரு திசைக்கும் இடையே அவர் எடை 400 கிராமுக்குச் சற்று மேல் வேறுபடும். இது நுண்கருவிக்குப் புலனாகுமேயன்றிப் பயண நேரத்தை மாற்றப் போதாது.

சுழற்சி காற்றை ஆளும் வகை

இவ்வளவோடு நின்றால் புவிச்சுழற்சிக்கும் வான்செலவின் வேகத்துக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கே வருதல் வேண்டும். அம்முடிவு முழுமையானதன்று. சுழற்சி விமானத்தை நேரே தள்ளுவதில்லை. ஆனால் காற்றை வளைக்கின்றது. அக்காற்று விமானத்தைத் தள்ளுகின்றது.

1686 இல் எட்மண்ட் ஹலி என்னும் ஆங்கிலேய வானநூலார் வியாபாரக் காற்றுக்களையும் பருவக் காற்றுக்களையும் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டார். ஞாயிற்றின் வெம்மையே காற்றியக்கத்துக்குக் காரணம் என அவர் கண்டார். ஆயின் வியாபாரக் காற்று ஏன் கிழக்கிலிருந்து வீசுகின்றது என்பதற்கு அவர் கூறிய காரணம் பொருந்தவில்லை. 1735 இல் ஜோர்ஜ் ஹாட்லி என்பார் அதற்கு விடை தேடினார். முப்பதாம் பாகை அகலக்கோட்டில் நிலத்தின் வேகம் மணிக்கு 1,446 கிலோமீற்றர் அளவே. பூமத்திய கோட்டிலோ 1,670. அங்கிருந்து பூமத்திய கோட்டை நோக்கி வரும் காற்று, தன் சிறிய வேகத்தோடு வருதலால், விரைந்து செல்லும் நிலத்துக்குப் பின்தங்குகின்றது. ஆதலின் கிழக்கிலிருந்து வீசுவதாகப் புலப்படுகின்றது. பூமத்திய கோட்டை விட்டுத் துருவத்தை நோக்கிச் செல்லும் காற்றோ நிலத்தை முந்திக்கொண்டு மேல்காற்றாகின்றது. ஹாட்லியின் கணக்கிற் குறையுண்டு. எனினும் நெறி சரியானது. சுழலும் அமைப்பில் இயங்கும் பொருள்கள் விலகும் வகையைக் கணித முறையால் 1835 இல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி. வடவரைக் கோளத்தில் இயங்குவது வலப்புறமும், தென்னரைக் கோளத்தில் இயங்குவது இடப்புறமும் விலகும் என்பது அதன் சாரம்.

மலைநாட்டு மக்கள் இவ்விதியை நூலில் அறியாவிடினும் மழையில் அறிவர். தென்னிந்துமா கடலிலிருந்து வடமேற்காக வரும் காற்று பூமத்திய கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக் காற்றாகின்றது. மே மாதம் முதல் செத்தெம்பர் வரை அது மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகின்றது. ஹட்டனை அடுத்த வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. மழையை இங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்டிய காற்று ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகின்றது. அவ்வறட்சியே யூலை முதல் ஊவாத் தேயிலைக்கு நறுமணம் ஊட்டுகின்றது. வடகீழ்ப் பருவம் ஓய்ந்து தை, மாசி மாதங்களில் மேற்குப் பக்கத்துத் திம்புள்ளைத் தோட்டங்களில் வறண்ட குளிர்காற்று வீசும்போது அத்தகைய சிறப்பு அங்கே வாய்க்கின்றது. கொழுந்து கொய்யும் பெண்ணின் தோளை நனைக்கும் மழை எத்திசையிலிருந்து வரும் என்பதைப் புவிச்சுழற்சி முடிவு செய்கின்றது.

கலமும் வானூர்தியும்

காற்றின் திசையறிந்து பயணம் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயர் வகுத்தனர் முன்னோர். ஈழத்துக் கடலோடிகள் வழக்கிலே சோழகம், கச்சான் என்னும் பெயர்களும் உண்டு. சோழர் முன்னோர் கடற்காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தினர் எனக் கரிகாலனைப் பாடிய புலவர் வெண்ணிக் குயத்தியார் போற்றுகின்றார். மேல்கடலைப் பருவக் காற்றின் துணைகொண்டு நேரே கடக்கும் வழியைக் கிரேக்க மாலுமிகளும் கற்றுக்கொண்டனர். கலமோட்டிக்குக் காற்றே உந்துவிசை. காற்று மாறும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கிற் காத்திருத்தல் அவனுக்கு இயல்பு.

விமானியின் நிலை வேறு. அவனுக்கு உந்துவிசை எந்திரம். காற்றோ அவன் மிதந்து செல்லும் ஊடகம். ஆற்று நீரில் நீந்துவோனைப்போல, காற்றினூடே அவன் செல்லும் வேகம் ஒன்று. நிலத்தை நோக்க அவன் செல்லும் வேகம் மற்றொன்று. முன்னதை வளிவேகம் என்றும், பின்னதைத் தரைவேகம் என்றும் கூறலாம். பின்காற்று வீசின் தரைவேகம் மிகும். எதிர்க்காற்று வீசின் குறையும். பக்கக்காற்று வீசின் பாதையே விலகும். விமானத்தின் வேகமானி வளிவேகத்தை மாத்திரமே காட்டும்.

1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அத்தகைய விமானம் மணிக்கு 270 கிலோமீற்றர் வேகத்தில் நேர்வடக்கே முகம் வைத்துப் பறப்பதாகவும், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டற் காற்று வீசுவதாகவும் கொள்வோம். காங்கேசன்துறை வரையுள்ள 330 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றேகால் மணிநேரமளவு செல்லும். அதற்குள் விமானம் 37 கிலோமீற்றர் மேற்கே ஒதுக்கப்பட்டு, யாழ்ப்பாணத்து நிலத்தை விட்டுப் பாக்கு நீரிணைக்கு மேல் நிற்கும். விமானி தன் கருவியிற் கண்ட திசையோ நேர்வடக்கே. இதனைத் தவிர்க்க அவன் முகப்பைச் சிறிது கிழக்கே திருப்பி வைத்தல் வேண்டும். எவ்வளவு திருப்புவது என்பதைக் காற்றை அறிந்தோனே அறிவான்.

காற்று பயண நேரத்தை எத்துணை ஆளும் என்பதற்கு இலங்கையிலேயே சிறந்த சான்றொன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 யூலை முதல் 1945 யூலை வரை, பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலீனா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தியது. இடைநிற்றலின்றி ஏறத்தாழ 6,500 கிலோமீற்றர், பயணிகள் மூவர், கடிதப் பொதி 69 கிலோகிராம். பகைவருக்கு அஞ்சி வானொலியைப் பயன்படுத்தாது விண்மீன்களை நோக்கியே வழி கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை ஞாயிற்றின் உதயத்தைக் காண்பதால், இரட்டை உதயச் செலவு எனப் பெயர் பெற்றது.

அப்பயணத்துக்குச் சென்ற நேரம் 27 மணி முதல் 33 மணி வரை வேறுபட்டது. மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே செல்லக்கூடிய ஊர்திக்கு 30 கிலோமீற்றர் காற்றும் பெரிதே. காற்றில்லாதபோது முப்பத்திரண்டரை மணி கொள்ளும் பாதையை அவ்வளவு பின்காற்று இருபத்தெட்டேகால் மணியாகக் குறைக்கும். அவ்வளவு எதிர்க்காற்று முப்பத்தெட்டு மணியாக நீட்டும். எரிபொருளுக்கோ எல்லையுண்டு. ஆதலின் கற்றலீனா விமானிகளுக்குக் காற்றுக் கணக்கு உயிர்க் கணக்காயிற்று.

மேல்வானத்து ஆறுகள்

விமானங்கள் உயரப் பறக்கத் தொடங்கியபின் காற்றின் மற்றொரு முகம் வெளிப்பட்டது. 1920 ஆம் ஆண்டுகளில் யப்பானிய வானிலை அறிஞர் ஊயிசி வசபுரோ, பலூன்களை மேலே விட்டு அவற்றின் செலவை அளந்து, தம் நாட்டுக்கு மேலே மிக்க விரைவுடைய மேல்காற்று ஓடுவதைக் கண்டார். தம் முடிவை உலகம் அறிய வேண்டுமென விரும்பி எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் 1926 இல் வெளியிட்டார். அம்மொழியைப் படிப்போர் சிலராதலின் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1944 இறுதியில் யப்பானுக்கு மேலே மிக உயரத்திற் பறந்த அமெரிக்கக் குண்டு விமானிகள் அக்காற்றைத் தாமே எதிர்கொண்டு திகைத்தனர். காற்றோடு சென்றால் குறி தப்பியது. எதிர்த்துச் சென்றால் விமானம் நகர மறுத்தது. ஜெட் காற்றோட்டம் என இன்று வழங்குவது இதுவே. வெப்ப வலயத்திலிருந்து துருவத்தை நோக்கி மேல்வானிற் செல்லும் காற்றைப் புவிச்சுழற்சி கிழக்கே திருப்புவதால் அது மேல்காற்றாகின்றது.

நம் பக்கத்து வானுக்கு உரியது வேறொன்று. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம், தென்மேற்குப் பருவ காலத்திலே தென்னிந்தியாவுக்கு மேல் 15 கிலோமீற்றர் அளவான உயரத்திற் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் கீழ்க்காற்று ஆறொன்றை ஆராய்ந்து 1958 இல் வெளியிட்டார். கோடையில் வெப்பமுறும் திபெத்து மேட்டுநிலத்தோடு அதற்குத் தொடர்புண்டு. சிற்சில வேளை அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீற்றரைக் கடக்கும். ஆகவே ஆடி மாதத்தில் ஹட்டன் மலைச்சரிவில் தென்மேற்குக் காற்று வீசும் அதே நேரத்தில், அம்மலைக்கு மிக உயரத்திலே காற்று நேரெதிராக ஓடுகின்றது. நிலத்திற் கண்ட காற்றைக்கொண்டு வானத்துக் காற்றை முடிவு செய்தல் ஆகாது.

கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் விமானம், திரும்பி வருவதைக் காட்டிலும் பொதுவாக ஒரு மணிநேரமளவு கூடுதலாகப் பறப்பதற்கு மேல்காற்றே காரணம். நியூயோர்க்குக்கும் இலண்டனுக்கும் இடையிலும் இவ்வேறுபாடு உண்டு. மேற்கே செல்வது தாமதமாகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். வகுப்பறை வினா எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறாகும்.

போகும்போது இழந்ததை வரும்போது பெறுவதால் கணக்குச் சரியாகிவிடும் எனச் சிலர் நினைப்பர். அதுவும் பிழை. 7,200 கிலோமீற்றர் தொலைவை மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில், காற்றில்லா வானிற் சென்று மீள 16 மணி ஆகும். ஒரே திசையில் 100 கிலோமீற்றர் வேகக் காற்று வீசின், எதிர்த்துச் செல்ல 9 மணியும், உடன் மீள 7 மணி 12 நிமிடமும் ஆகும். மொத்தம் 16 மணி 12 நிமிடம். மெதுவாகச் செல்லும் பயணத்தில் எதிர்க்காற்றிற் கழியும் நேரம் அதிகமாதலால், இரு வழியையும் கூட்டிப் பார்க்கும்போது காற்று என்றும் கடன்காரனே.

ஏழு கன்னியர் மலை

இத்துணையும் அறிந்த காலத்திலேதான் 1974 இன் துயரம் நேர்ந்தது. மார்ட்டினெயார் என்னும் ஒல்லாந்து நிறுவனத்துக்குரிய டி.சி.-8 வகை விமானம், இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்தின் பொருட்டு, சுரபாயா நகரிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் புறப்பட்டது. பயணிகள் 182 பேர். யாவரும் மக்கமா நகருக்கு ஹஜ்ஜுக் கடமை நிறைவேற்றச் செல்லும் இந்தோனேசிய முஸ்லிம்கள். பணியாளர் ஒன்பதின்மர்.

சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர், பெரும்பகுதி கடல். கடலின்மேல் அடையாளமாகக் கொள்ள மலையுமில்லை, ஊருமில்லை. அக்காலத்து விமானங்கள் டொப்ளர் என்னும் கருவியைக் கொண்டு இதனைச் சமாளித்தன. விமானத்திலிருந்து நுண்ணலைகளைக் கீழே செலுத்தி, அவை மீளும்போது அதிர்வெண்ணில் உண்டாகும் மாற்றத்தை அளந்து, தரைவேகத்தையும் காற்றால் நேரும் விலகலையும் அக்கருவி கூறும். வேகத்தை நேரத்தாற் பெருக்கித் தொலைவு பெறப்படும். வளிவேகத்துக்கும் தரைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியவே அது அமைந்தது. ஆயினும் நீர்ப்பரப்பு தானும் அசைவது; அலை எதிரொளி நிலத்திற்போல உறுதியானதன்று. நேரம் செல்லச்செல்லச் சிறு பிழைகள் திரண்டு பெரிதாகும். விமானத்திலுள்ள வானிலை ரேடார் மழைமுகிலைக் காட்ட அமைந்தது. கடற்கரைக் கோட்டையும் ஓரளவு காட்டும். ஆனால் திரையிற் கண்ட கோடு இன்ன கரை என உணர்தல் காண்போன் கருத்தைப் பொறுத்தது.

கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரும் விமானம் மலைநாட்டைக் கடந்தே மேற்குச் சமநிலத்தில் இறங்க வேண்டும். மலையைக் கடந்துவிட்டோம் எனக் கருதி, கடவாத நிலையிலேயே விமானம் கீழிறங்கியது. விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில், ஏழு கன்னியர் மலையின் பாறையில் அது மோதியது. விமானத்தின் இடத்தை விமானிகள் தவறாக உணர்ந்ததும், மலைப்பகுதியைக் கடவாமுன் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதுமே காரணம் என விசாரணையாளர் கண்டனர். பிழையான பொருள் கொள்ள இடந்தரும் டொப்ளரையும் ரேடாரையும் சார்ந்திருந்ததே அத்தவறுக்கு வழிசெய்தது என்பதும் அவர் முடிவு.

அத்தொலைவை முழுப் பயணத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். 40 கடல் மைல் என்பது 74 கிலோமீற்றர். 4,000 கிலோமீற்றருள் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. நாலரை மணிநேரப் பயணத்தில், மணிக்கு 16 கிலோமீற்றர் எதிர்க்காற்றைக் கணக்கிடாது விடினும் இவ்வளவு வேறுபாடு நேரும். 16 கிலோமீற்றர் காற்று என்பது தேயிலைச் செடியின் இலையை அசைக்கும் இளங்காற்றே. அன்றிரவு அத்தகைய காற்றொன்றுதான் காரணம் என்பது இதன் கருத்தன்று. விசாரணை முடிவு மேலே கூறப்பட்டது. நெடும்பயணத்திற் சிறு பிழை எத்துணைப் பெரிய மலையாய் எதிர்நிற்கும் என்பதை உணர்த்தவே இக்கணக்கு.

இதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசெம்பர் 1 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்திலும் பயணிகள் விமானமொன்று தரையிறங்க வருகையில் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அவ்விபத்தை அடுத்து, நிலம் நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பெருவிமானங்களிற் பொருத்த வேண்டுமென அந்நாட்டு அரசு விதித்தது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. 1990 ஆம் ஆண்டுகளில் உலகின் மலைகளையெல்லாம் நினைவிற் கொண்ட கருவிகள் வந்தன. செயற்கைக் கோள்களால் இடமறியும் முறையும் 1995 இல் முழுமை பெற்றது. இன்று மலைநாட்டுக்கு மேற் செல்லும் விமானி, காற்று எத்திசையில் வீசினும், தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் அளவுக்குள் அறிவான்.

கருவி மிகினும் விழிப்புக் குறைதல் தகாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1978 நவம்பர் 15 ஆம் நாள், ஹஜ்ஜுக் கடமை முடித்து ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குக் கிழக்கு நோக்கி மீண்ட இந்தோனேசிய யாத்திரிகரின் விமானம், கட்டுநாயக்காவில் இறங்க வருகையிலே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 183 பேர் மாண்டனர். நான்காண்டுக்குள் ஒரே யாத்திரைப் பாதையில், போகும் திசையில் ஒன்றும் மீளும் திசையில் ஒன்றுமாக இரு பெருந்துயரங்கள் இத்தீவில் நிகழ்ந்தன.

முடிவுரை

பூமி சுழல்கின்றது என்றார் ஆரியபடர். பறவை கூட்டுக்கு மீள்கின்றதே என்றனர் அவரை மறுத்தோர். இருவர் கூற்றும் மெய்யே எனக் காட்டியது பின்வந்த விஞ்ஞானம். பூமி சுழல்கின்றது, காற்றும் உடன் சுழல்கின்றது, ஆதலினாற் பறவை கூட்டுக்கு மீள்கின்றது. அச்சுழற்சி காற்றை வளைத்து மழையாகவும் மேல்வானத்து ஆறாகவும் அமைக்கின்றது. விமானத்தின் வேகம் திசைதோறும் வேறுபடுவதற்கு அக்காற்றே நேர்க்காரணம்.

வேகத்தை அறிதலும் இடத்தை அறிதலும் ஒன்றன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பறவை தன் கூட்டுக்கு மீள்வது காற்றின் உதவியால் மாத்திரமன்று. தன் கூடு எங்குள்ளது என்பதைத் தன் கண்ணால் அது காண்கின்றது. இருளிலே, முகிலிலே, கருவியின் கூற்றைத் தவறாக உணர்ந்தோருக்கு அக்காட்சி வாய்க்கவில்லை.

ஏழு கன்னியர் மலையில் மாண்டோருக்கு நோர்ட்டன் பிரிட்ஜிலே நினைவுச் சின்னம் உண்டு. ஹட்டனிலிருந்து அவ்வழியே செல்லும் மாணாக்கர் அங்கே சிறிது நின்று மலையை நோக்குதல் நன்று. முகில் விலகிய நாளிற் கொடுமுடிகள் ஏழும் தெளிவாகத் தோன்றும். அன்றிரவு அவை அங்கேதான் இருந்தன, கடந்துவிட்டதாகக் கருதப்பட்டன. கணக்கில் நூற்றுக்கு இரண்டு பிழை சிறிதென்று எண்ணும் மாணாக்கனுக்கு ஆசிரியர் காட்டத்தக்க விடை அம்மலையே.